கொழுந்து நிறுத்தாயிற்று, யார் யாருக்குத் தெரிய வேண்டும்?

தேயிலைத் தோட்டத்து மடுவத்தில், அதாவது கொழுந்து நிறுக்கும் கொட்டகையில், ஒரு நாளைக்கு மூன்று நிறுவை: காலை, மத்தியானம், அந்தி. ஒவ்வொரு நிறுவைக்கும் சாக்கும் கூடையுமாக வரிசை நிற்கும். தராசில் ஏற்றி இறக்க ஓர் ஆளுக்கு அரை நிமிடம் என்றால் சரி. அதற்கு மேல் இழுத்தால் பின்னால் நிற்பவர்கள் சும்மா இருக்கமாட்டார்கள், இருக்க வேண்டிய அவசியமும் இல்லை. அவர்கள் திரும்ப மலைக்குப் போய் அடுத்த நிறுவைக்குக் கொழுந்து எடுத்தாக வேண்டும்.

சில தோட்டங்களில் இப்போது தராசு டிஜிட்டல் ஆகிவிட்டது. அட்டையைக் காட்டினால் செக்ரோல் (வேலைக்கு வந்ததும் கூலியும் எழுதும் இடாப்பு) நம்பர் வரும், எடை தானாகப் பதிவாகும். வெளியிலிருந்து பார்த்தால் சின்ன வேலைதான். ஆனால் அந்த ஓர் எடை எத்தனை இடத்துக்குப் போக வேண்டும் என்று பாருங்கள். செக்ரோலுக்குப் போக வேண்டும், ஏனென்றால் நோர்ம் கிலோவை (ஒரு நாளைக்கு எடுக்க வேண்டிய அளவை) எட்டினாரா, முழுப் பேரா அரைப்பேரா (முழு நாள் கூலியா பாதியா), மிச்சக் கிலோவுக்குக் கைக்காசு எவ்வளவு என்பதெல்லாம் அங்கேதான் முடிவாகிறது. ஸ்டோருக்கு, அதாவது தேயிலைத் தொழிற்சாலைக்கு, போக வேண்டும். கொழுந்தை வாட்டவே 12 மணி நேரத்துக்கும் மேல் பிடிக்கும். எவ்வளவு வருகிறது என்று முன்கூட்டியே தெரிந்தால்தான் வாட்டும் தொட்டிகளை ஒதுக்க முடியும். லொறிக்காரருக்குத் தெரிய வேண்டும். கொழும்பில் இருக்கும் தலைமை அலுவலகத்துக்குத் தெரிய வேண்டும். கொழுந்து எடுத்தவரின் போனுக்கு ஓர் எஸ்.எம்.எஸ். போனால் இன்னும் நல்லது.

ஒரு விஷயம் நடந்துவிட்டது, அது ஐந்து இடத்துக்குத் தெரிய வேண்டும், எப்படித் தெரிவிப்பது? நிகழ்வு சார்ந்த மென்பொருள் கட்டமைப்பு என்று சொல்வதெல்லாம் இந்தக் கேள்விக்கு ஒரு விதமான பதில்தான். கீழே வருகிற தோட்டக் கணக்கு எந்தக் கம்பனியின் முறையும் அல்ல, விளக்குவதற்காக நானே கட்டிய உதாரணம்.

கேட்டுக் காத்திருப்பதும், சொல்லிவிட்டுப் போவதும்

வழக்கமான முறையில் தராசுச் செயலி ஒவ்வோர் இடமாகக் கூப்பிடும். செக்ரோல் சேர்வரைக் கூப்பிட்டு 'பதிந்துகொள்' என்று சொல்லி, 'சரி' என்ற பதில் வரும்வரை நிற்கும். அப்புறம் ஸ்டோர். அப்புறம் எஸ்.எம்.எஸ். அனுப்பும் சேவை. எல்லாரும் 'சரி' சொன்ன பிறகுதான் திரையில் பச்சை வரும். இதில் ஒரு பெரிய நிம்மதி உண்டு: பச்சை வந்தால் எல்லா இடத்திலும் பதிவாகிவிட்டது என்று அர்த்தம்.

சங்கடம் என்னவென்றால், ஐந்து பேரில் ஒருவர் தூங்கினாலும் வரிசை நிற்கும். ஒவ்வொரு சேவையும் நூற்றுக்கு 99 தடவை ஒழுங்காக வேலை செய்கிறது என்று வைத்துக்கொள்வோம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஐந்தையும் சங்கிலியாகக் கோத்தால் அது 95 ஆகிவிடும். நூறு சாக்கு நிறுத்தால் ஐந்து சாக்கு தராசிலேயே கிடக்கும். எஸ்.எம்.எஸ். கம்பனியின் சேர்வர் படுத்ததற்காகக் கொழுந்தை நிறுக்க முடியவில்லை என்பதை எந்தக் கங்காணியிடம் போய் விளக்குவது?

நிகழ்வு முறையில் தராசு யாரையும் கூப்பிடாது. 'எடை பதியப்பட்டது' என்று ஒரு நிகழ்வை எழுதி, நடுவில் இருக்கும் ப்ரோக்கர் மென்பொருளிடம் கொடுத்துவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிடும். யாருக்கு அந்தச் செய்தி வேண்டுமோ அவர்கள் ப்ரோக்கரிடம் சொல்லி வைத்திருப்பார்கள். தங்கள் வேகத்தில் எடுத்துப் படித்துக்கொள்வார்கள். அதில் 'பதிந்துகொள்' என்ற கட்டளை இல்லை. நடந்து முடிந்த ஒன்று இறந்த காலத்தில் எழுதப்பட்டிருக்கிறது. அதைப் படித்து என்ன செய்வது என்பது படிப்பவரின் பாடு.

அந்த நிகழ்வுக்குள் என்ன இருக்கும்? நிகழ்வு எண். தராசின் எண். செக்ரோல் நம்பர். எந்த மலை, எந்த நிறுவை. தராசு காட்டிய மொத்த எடை 7.9 கிலோ. சாக்குக்குக் கழித்தது 0.8. நிறுத்த நேரம். இவ்வளவுதான். ஆளின் பெயரோ, அடையாள அட்டை இலக்கமோ அதில் இருக்கத் தேவையில்லை. அது ஏன் முக்கியம் என்று கடைசியில் சொல்கிறேன்.

கொழும்பிலிருந்தும் கொஞ்சம்

இந்த யோசனை புதிது அல்ல. ஐ.பி.எம். நிறுவனத்தின் ஆண்டி ஸ்டான்ஃபோர்ட்-கிளார்க்கும் ஆர்கொம் நிறுவனத்தின் ஆர்லன் நிப்பரும் 1999இல் எம்.கியூ.டி.டி. என்ற, கருவிகள் செய்தி அனுப்பும் நெறிமுறையை உருவாக்கினார்கள். எண்ணெய்க் குழாய்களைச் செய்மதி இணைப்பு வழியாகக் கண்காணிப்பதற்காகச் செய்தது அது. இணைப்பு மெல்லியது, விலை அதிகம், அடிக்கடி அறுந்துவிடும். செய்தியின் தலைப்பகுதி இரண்டு பைட்டுக்குள் அடங்குகிற அளவுக்குச் சிக்கனம். மலையகத்தின் பொகவந்தலாவைப் பக்கத்துச் சிக்னலைப் பார்த்துச் செய்ததோ என்று தோன்றும். வங்கிகளுக்குள் செய்தி கடத்துவதற்காக ஜே.பி. மோர்கன் சேஸ் நிறுவனத்தில் 2003இல் ஏ.எம்.கியூ.பி. என்ற நெறிமுறையின் வேலை தொடங்கியது, ராபிட் எம்.கியூ. என்ற ப்ரோக்கர் அதன் வழி வந்தது. லிங்க்ட்இன் நிறுவனம் தன் உள்வேலைக்குச் செய்த காஃப்கா என்ற ப்ரோக்கரை 2011இல் திறந்த மூலமாக வெளியிட்டது.

நம் நாட்டுக்கும் இதில் பங்கு உண்டு. ஓடிக்கொண்டிருக்கும் நிகழ்வுகளுக்குள் ஒழுங்குகளைத் தேடும் 'சித்தி' என்ற இயந்திரம் மொரட்டுவைப் பல்கலைக்கழக மாணவர்களின் ஆய்வாகத் தொடங்கி, 2005இல் கொழும்பில் உருவான டபிள்யூ.எஸ்.ஓ.2 கம்பனியின் கையில் வளர்ந்தது. 'கடந்த 24 மணி நேரத்தில் வந்தவற்றின் கூட்டுத்தொகை இவ்வளவைத் தாண்டினால் சொல்' என்பது போன்ற கேள்வியை நாலைந்து வரியில் எழுதிவிடலாம். மண்சரிவைப் பற்றிப் பேசும்போது இது திரும்பவும் தேவைப்படும்.

கிடைப்பது என்ன

முதல் இலாபம் காத்திராமை. மலையகத்தில் அதன் பெறுமதி கொழும்பை விட அதிகம். மேட்டு மலையில் சிக்னல் இருக்கும், பள்ளத்தில் இறங்கினால் போய்விடும். மின்சாரம் போனால் கொஞ்ச நேரத்தில் கோபுரமும் போகும். 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் வந்தபோது மலையகத்தின் பல பகுதிகளில் மின்சாரமும் தொலைபேசியும் ஒன்றாகப் போயின. கேட்டுக் காத்திருக்கும் முறையில் எழுதிய செயலி அன்றைக்கு வெறும் கண்ணாடித் துண்டு. நிகழ்வைத் தன் நினைவகத்திலேயே எழுதி வைத்து, இணைப்பு வந்தபோது அனுப்பும் கருவியாக இருந்தால் நிறுவை நடந்துகொண்டிருக்கும்.

இரண்டாவது, கூட்டம் ஒரே நேரத்தில் வருவதைத் தாங்குவது. மூன்று நிறுவை என்றால் நாளில் மூன்று முறை மலை போல வேலை குவியும், நடுவில் ஒன்றும் இருக்காது. உச்சத்துக்கு ஏற்ற சேர்வரை வாங்கி நாள் முழுக்கச் சும்மா ஓட்டுவதை விட, வரிசையில் சேர்த்து வைத்து ஆறுதலாக முடிப்பது மலிவு.

மூன்றாவது, பழையதைத் தொடாமல் புதியதைச் சேர்க்கலாம். பச்சைக் கொழுந்து ஏறத்தாழ நாலரைக் கிலோ இருந்தால் ஒரு கிலோ தூள் வரும். நாளைக்கு எவ்வளவு தூள் கிடைக்கும் என்று கணிக்கும் ஒரு சின்ன நிரலை ஸ்டோர்க்காரர்கள் கேட்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். அதே நிகழ்வுகளைப் படிக்கும் இன்னொரு நிரல் எழுதினால் போதும். தராசுச் செயலியை எழுதினவருக்கு இப்படி ஒன்று இருப்பதே தெரிய வேண்டியதில்லை. 1883இல் தொடங்கிய கொழும்புத் தேயிலை ஏலமே 2020 ஏப்ரலில் கொரோனா முடக்கத்தின்போது இணையத்துக்கு மாறிவிட்டது. மடுவத்தில் தொடங்கி ஏலம் வரைக்கும் தரவு ஓட வேண்டிய காலம் இது.

இதெல்லாம் எல்லாரும் சொல்லும் இலாபங்கள். நான் பெரிதாக நினைப்பது வேறொன்று. தோட்டத்தில் நிறுவை என்பது வெறும் கணக்கு அல்ல, தலைமுறை தலைமுறையான மனத்தாங்கல். சாக்குக்கு இவ்வளவு, தண்ணீருக்கு இவ்வளவு, முற்றல் இலைக்கு இவ்வளவு என்று கழித்த கிலோக்களைப் பற்றிப் பேசாத லயம் (தொழிலாளர்களின் வரிசை வீடு) இல்லை. சாதாரணத் தரவுத்தளத்தில் எடை என்று ஒரு கட்டம் இருக்கும். 7.9ஐ யாரோ 6.1 என்று மாற்றினால் 7.9 இருந்த தடமே இராது. நிகழ்வுகளையே மூலப் பதிவாக வைத்துக்கொள்ளும் முறையில் எழுதியதை அழிக்க வழி இல்லை, கீழே இன்னொரு வரி சேர்க்கத்தான் முடியும். 'எடை பதியப்பட்டது: 7.9, சாக்கு 0.8.' அதன் கீழே 'ஈரத்துக்காக 1.0 கழிக்கப்பட்டது, கழித்தவர் இன்னார், நேரம் இது.' மாதம் முடிந்து 10ஆம் திகதி சம்பளம் கைக்கு வரும்போது "கணக்கப்பிள்ளை ஐயா, எங்க போச்சு என்ட கிலோ?" என்று கேட்டால், காட்டுவதற்கு வரிசையாக வரிகள் இருக்கும். கழித்தது நியாயமா இல்லையா என்பதை மென்பொருள் சொல்லாது. கழித்ததை மறைக்க மட்டும் விடாது. தொழிற்சங்கங்கள் சம்பளத்தோடு சேர்த்து இந்த வரிகளைப் பார்க்கும் உரிமையையும் கேட்க வேண்டும் என்பது என் அபிப்பிராயம்.

விலை கொடுக்கும் இடங்கள்

தராசு நிகழ்வை அனுப்பியது. ப்ரோக்கர் வாங்கிக்கொண்டது. 'கிடைத்தது' என்று ப்ரோக்கர் அனுப்பிய பதில் வழியில் தொலைந்தது. தராசு என்ன செய்யும்? அதற்குத் தெரிந்ததெல்லாம் பதில் வரவில்லை என்பது மட்டும்தான். திரும்ப அனுப்பாவிட்டால் எடை தொலையலாம், அனுப்பினால் இரண்டு தரம் பதியலாம். இந்தச் சிக்கலுக்கு வழி கண்டுபிடிக்க முடியாது என்பது கணினி விஞ்ஞானத்தில் நிறுவப்பட்ட விஷயம். வலைப்பின்னல் எவ்வளவு நல்லதானாலும் முழுக்கத் தீராது. எம்.கியூ.டி.டி.யில் இதற்கு மூன்று நிலை வைத்திருக்கிறார்கள்: அதிகபட்சம் ஒரு தரம், குறைந்தபட்சம் ஒரு தரம், சரியாக ஒரு தரம். மூன்றாவதைப் பார்த்து ஏமாறக்கூடாது. அந்த வாக்குறுதி கருவிக்கும் ப்ரோக்கருக்கும் இடையில்தான். அதற்கு அப்பால் செக்ரோல் சேவை படித்து, எழுதி, எழுதியதைச் சொல்வதற்கு முன் விழுந்து எழும்பினால் திரும்பவும் படிக்கும். காஃப்கா 2017இல் கொண்டுவந்த பரிவர்த்தனை (எல்லாம் சேர்ந்து பதியும், இல்லாவிட்டால் ஒன்றும் பதியாது) வசதியும் காஃப்காவுக்குள்ளேதான் செல்லும்.

ஆகவே நடைமுறையில் 'குறைந்தபட்சம் ஒரு தரம்' என்பதை ஏற்றுக்கொண்டு, அதே நிகழ்வு இரண்டு தரம் வந்தாலும் ஒரு தரம் வந்ததுபோலவே முடிகிற மாதிரி படிப்பவரை எழுத வேண்டும். ஒவ்வொரு நிகழ்வுக்கும் ஓர் எண், பார்த்த எண்ணை மறுபடி பார்த்தால் தள்ளிவிடு. கேட்க இலகு. அந்த எண்ணை யார், எப்போது போடுவது என்பதில்தான் பிழைப்பார்கள். சேர்வர் போட்டால் பயனில்லை, இரண்டாம் தரம் வருவதற்கு அது புது எண் போடும். தராசுக் கருவியே, நிறுத்த கணத்திலேயே போட வேண்டும். சோம்பலுக்கு 'செக்ரோல் நம்பரும் நிமிடமும் ஒன்றாக இருந்தால் ஒரே நிகழ்வு' என்று எழுதுகிறவர்கள் உண்டு. ஓர் அக்கா ஒரே நிறுவைக்கு இரண்டு சாக்கு கொண்டுவருகிறார். இரண்டும் ஒரே நிமிடத்தில் தராசு ஏறுகின்றன. இரண்டாவது சாக்கு 'இரட்டிப்பு' என்று சத்தமில்லாமல் குப்பைக்குப் போகும். காலையில் 7.1, அந்தியில் 6.2, 5.4 என இரண்டு சாக்கு என்று 18.7 கிலோ எடுத்தவர் அந்த இரண்டாவது சாக்கின் 5.4ஐ இழந்தால் 13.3தான் நிற்கும். நோர்ம் 18 என்றால் முழுப் பேர் அரைப்பேராகிவிடும். நிரலில் ஒரு வரி, ஒருவரின் பாதி நாள் கூலி.

அடுத்தது வரிசைக் குழப்பம். திருத்தம் முதலில் வந்து, திருத்தப்பட வேண்டிய எடை பிறகு வருவது சாதாரணமாக நடக்கும்: கணக்கப்பிள்ளையின் போனில் சிக்னல் இருந்தது, தராசில் இல்லை. நேரத்தைப் பார்த்து அடுக்கலாமே என்றால், எந்த நேரம்? கருவியின் கடிகாரம் பிந்தியிருக்கலாம், பற்றரி மாற்றும்போது பழைய திகதிக்குப் போயிருக்கலாம். பரவிய கணினிகளில் கடிகாரத்தை நம்பி முன்பின் சொல்ல முடியாது என்று கணினி விஞ்ஞானி லெஸ்லி லாம்போர்ட் 1978இலேயே எழுதிவிட்டார். ஒரே ஆளின் நிகழ்வுகள் எல்லாம் ஒரே பிரிவுக்குள் போகுமாறு செக்ரோல் நம்பரைத் திறவுகோலாக வைத்தால் காஃப்கா அந்தப் பிரிவுக்குள் வந்த ஒழுங்கைக் காப்பாற்றும். ஆனால் அது ப்ரோக்கருக்கு வந்து சேர்ந்த ஒழுங்குதான், நடந்த ஒழுங்கு அல்ல. ஆகவே திருத்தம் எந்த நிகழ்வைத் திருத்துகிறது என்று அதன் எண்ணைத் தானே சுமந்து வர வேண்டும். மூலம் வரும்வரை அது காத்திருக்கலாம்.

இந்த எல்லாவற்றுக்கும் அடியில் இருப்பது, 'இப்போது கணக்கு எவ்வளவு?' என்ற கேள்விக்கு ஒரே பதில் இல்லாமல் போவது. தராசில் 18.7, செக்ரோல் திரையில் 13.3, கொழும்பில் 7.1. மூன்றும் பொய் இல்லை, கொஞ்ச நேரத்தில் மூன்றும் ஒன்றாகும். பொறியியலாளருக்கு 'கொஞ்ச நேரத்தில்' என்பது சாதாரணச் சொல். சாக்கோடு நிற்பவருக்கு அது அவ்வளவு சாதாரணம் இல்லை. நிகழ்வு முறையின் வசதி கட்டுகிறவருக்கும் இயந்திரத்துக்கும் போகிறது, அதன் காத்திருப்பு கேள்வி கேட்கிறவரின் தலையில் விழுகிறது. இந்தக் கைமாற்றத்தைப் பற்றி யாரும் அவ்வளவாகப் பேசுவதில்லை. குறைந்தபட்சம் திரையும் எஸ்.எம்.எஸ்.ஸும் உண்மையைச் சொல்லட்டும். 'தராசில் பதிந்தது 5.4 கிலோ' என்பதும் 'செக்ரோலில் சேர்ந்தது 5.4 கிலோ' என்பதும் இரண்டு செய்திகள். முதலாவதை அனுப்பிவிட்டு இரண்டாவது என்று நம்பவைப்பது ஏமாற்று.

செக்ரோலை எப்போது மூடுவது என்பதும் இதன் உறவுக்காரக் கேள்விதான். பிந்தி வரும் நிகழ்வுக்காக எவ்வளவு நேரம் காத்திருப்பது? ராத்திரியோடு மூடினால், பள்ளத்து டிவிசனின் தராசு மூன்று நாள் கழித்துச் சிக்னல் பிடித்து அனுப்பும் எடைகள் எங்கே போகும்? தொழில்நுட்பத்தில் இதற்கு வழிகள் உண்டு. ஆனால் எத்தனை நாள் என்பதைத் தோட்ட நிர்வாகமும் தொழிலாளர்களும் பேசித் தீர்க்க வேண்டும், நிரல் எழுதுகிறவர் தன் பாட்டில் ஓர் எண்ணைப் போடக்கூடாது.

தலை கீழாக வருகிற தொல்லையும் உண்டு. இணைப்பு இரவு 11 மணிக்குத் திரும்பி வந்து, 'காலை நிறுவை 7.1 கிலோ' என்று நூற்றுக்கணக்கானோரின் போன் ஒன்றாக அலறும். அல்லது கணக்கில் ஒரு பிழையைத் திருத்துவதற்காகப் பழைய நிகழ்வுகளை முதலிலிருந்து ஓடவிடுவார்கள். இந்த முறையின் பெரிய வசதியே அப்படி ஓடவிட முடிவதுதான். அதையே எஸ்.எம்.எஸ். சேவையும் படித்துக்கொண்டிருந்தால் போன மாதத்துச் செய்திகளெல்லாம் மறுபடி போகும். கணக்குப் போடுகிற வேலையையும், வெளியுலகத்தில் கை வைக்கிற வேலையையும் தனித்தனியாக வைக்கச் சொல்வது இதற்காகத்தான்.

இன்னும் சிலவற்றை வேகமாகச் சொல்லிவிடலாம். தன் தரவுத்தளத்தில் எழுதிவிட்டு, நிகழ்வை அனுப்புவதற்கு முன் விழுந்துவிடும் சேவை ஒரு பக்கம் உண்மையும் மறு பக்கம் மௌனமுமாக நிற்கும். அனுப்ப வேண்டிய நிகழ்வையும் அதே தரவுத்தளத்தில், அதே பரிவர்த்தனையில் ஓர் அட்டவணைக்குள் எழுதி வைத்து, வேறொரு நிரல் அதிலிருந்து எடுத்து அனுப்பினால் தீர்ந்தது. நிகழ்வின் வடிவத்தை மாற்றுவது இன்னொன்று: கிலோவை யாரோ கிராமாக மாற்றினால், படிக்கும் ஐந்து பேரில் யாருக்குச் சொல்ல வேண்டும் என்று மாற்றுகிறவருக்கே தெரியாது. பழைய கட்டத்தைத் தொடாமல் புதுக் கட்டம் சேர்ப்பதே பாதுகாப்பு. பல படிகளில் நடக்கும் வேலைக்கு ஹெக்டர் கார்சியா-மொலினாவும் கென்னத் சேலமும் 1987இல் ஒரு வழி சொன்னார்கள்: ஒவ்வொரு படிக்கும் அதை ஈடுகட்டும் எதிர்ப்படி ஒன்றை எழுதி வை. தீபாவளி முற்பணம் அங்கீகரிக்கப்பட்டு, மாதத் தவணைக் கழிவும் செக்ரோலில் ஏறி, வங்கி மட்டும் பணத்தைத் திருப்பியனுப்பிவிட்டால், அந்தக் கழிவை நீக்கும் நிகழ்வு தானாகப் போக வேண்டும். அந்த எதிர்ப்படியை யாரும் எழுதாமல் விட்டால், வராத முற்பணத்துக்கு மாதாமாதம் வெட்டு விழும்.

மௌனம் என்றால் என்ன அர்த்தம்?

நிகழ்வு சார்ந்த முறையில் எனக்கு உண்மையாகவே பயம் தருவது ஒன்று உண்டு: பிழை சத்தம் போடாது. கேட்டுக் காத்திருக்கும் முறையில் ஏதாவது உடைந்தால் தராசில் சிவப்பு வரும், ஆள் கத்துவார், போன் வரும். நிகழ்வு முறையில் தராசு பச்சையாகவே இருக்கும். படிக்க முடியாத நிகழ்வுகள் ஒதுக்குப்புற வரிசை ஒன்றில் போய்ச் சேரும். அந்த வரிசையை யாரும் பார்க்காத இடங்கள்தான் அதிகம். காஃப்கா இயல்பாக ஏழு நாள் மட்டும் செய்திகளை வைத்திருக்கும். எட்டாம் நாள் ஒருவர் கவனித்தால் தேடிப் பார்க்கவும் ஒன்றும் இராது, கூட்டி வைக்கச் சொல்லி அமைத்திருந்தாலொழிய.

மண்சரிவு எச்சரிக்கையில் இது உயிர் விஷயம். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மழைமானிகள் மலைநாடு முழுக்க இருக்கின்றன. 24 மணி நேரத்தில் 75 மில்லிமீற்றரைத் தாண்டினால் அவதானம், 100ஐத் தாண்டினால் வெளியேறத் தயார், 150ஐத் தாண்டினால் அல்லது ஒரே மணி நேரத்தில் 75ஐத் தாண்டினால் வெளியேறு என்பது அவர்கள் வைத்திருக்கும் அளவுகோல். மேலே சொன்ன 'சித்தி' மாதிரியான இயந்திரத்துக்கு வார்த்தது போன்ற வேலை இது. மழை அளவு ஒவ்வொன்றும் ஒரு நிகழ்வு, எல்லை தாண்டியது இன்னொரு நிகழ்வு, அதைக் கேட்டு மாவட்டச் செயலகமும் பிரதேச செயலகமும் தோட்டமும் ஒரே நேரத்தில் அறிந்துகொள்ளலாம். யாரும் யாரையும் கூப்பிட்டு வரிசையில் நிற்க வேண்டியதில்லை. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லாந்தை மீரியபெத்தையில் லயங்கள் மண்ணுக்குள் போனதை மறக்காத எவருக்கும் அந்த நிமிடங்களின் பெறுமதி தெரியும்.

ஆனால் ஒரு மழைமானியிலிருந்து ஒரு மணி நேரமாக நிகழ்வே வரவில்லை. மழை இல்லையா, மானி அடித்துக்கொண்டு போய்விட்டதா? நிகழ்வுகளை மட்டும் கேட்கும் மென்பொருளுக்கு இரண்டும் ஒன்றுதான். மழை எங்கே மோசமோ அங்கேதான் மின்சாரமும் கோபுரமும் முதலில் போகும்; அதாவது, மிக ஆபத்தான இடம் மிக அமைதியான இடமாகத் தெரியும். இதற்குப் பரிகாரம், மழை பெய்தாலும் பெய்யாவிட்டாலும் 'நான் உயிரோடு இருக்கிறேன், அளவு பூச்சியம்' என்று குறித்த இடைவெளியில் மானி சொல்லிக்கொண்டிருப்பது. அது நின்றால், நின்றதையே ஒரு நிகழ்வாக எழுப்பி ஒரு மனிதரை எழுப்ப வேண்டும். மடுவத்துத் தராசுக்கும் இதே விதிதான். அந்தி நிறுவை நேரம் கடந்து ஒரு தராசிலிருந்து ஒன்றும் வரவில்லை என்றால், அந்த டிவிசனில் யாரும் கொழுந்து எடுக்கவில்லை என்று கணக்கு முடிவு கட்டக்கூடாது.

ஒரு நிகழ்வு எங்கே தொலைந்தது என்று தேடுவதும் தனி வித்தை. தராசில் போட்ட எண்ணை, அதிலிருந்து பிறக்கும் ஒவ்வொரு நிகழ்வும் செய்தியும் கடைசி எஸ்.எம்.எஸ். வரைக்கும் சுமந்து போக வேண்டும். முதல் நாளே இதைச் செய்யாதவர்கள் ஆறு மாதம் கழித்துச் செய்ய முயன்றால் படும் பாடு சொல்லி மாளாது.

எங்கே வேண்டாம்

நாவலப்பிட்டிக்கு மேலே பதுளை வரைக்கும் ரயில் ஒற்றைப் பாதை. இரண்டு நிலையத்துக்கு நடுவில் போக, அந்தத் துண்டுக்குரிய டேப்லட் என்ற உலோக வட்டு சாரதியின் கையில் இருக்க வேண்டும். ஒன்று வெளியே இருக்கும்போது இன்னொன்றை எடுக்க முடியாதபடி இரண்டு நிலையத்துக் கருவிகளும் பிணைக்கப்பட்டிருக்கின்றன. பட்டிப்பொலையிலிருந்து 'ரயில் புறப்பட்டுவிட்டது' என்று ஒரு நிகழ்வை அனுப்பிவிட்டு, மற்ற நிலையம் ஆறுதலாகப் படிக்கட்டும் என்று விடமுடியாது. மென்பொருளிலும் அப்படிப்பட்ட இடங்கள் உண்டு. வைப்பிலிருந்து பணம் எடுப்பது, ஒரே ஓர் ஆசனத்தை ஒருவருக்கு மட்டும் ஒதுக்குவது, கடைசி மருந்துக் குப்பியைக் கொடுப்பது. அங்கே கேட்டு, பூட்டி, பதில் வரும்வரை நிற்பதுதான் சரி. எல்லாவற்றையும் நிகழ்வாக்கப் புறப்படுகிறவர்கள் இந்த இடங்களில்தான் விழுவார்கள்.

தனியுரிமையும் ஒரு வேலி. 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம், தன்னைப் பற்றிய தரவை அழிக்கக் கேட்கும் உரிமைக்கு வகை செய்கிறது. அழிக்க முடியாமல் எழுதுவதுதான் நாம் மேலே புகழ்ந்த முறையின் உயிரே. இரண்டும் மோதும். அதனால்தான் பெயரும் அடையாள அட்டை இலக்கமும் நிகழ்வுக்குள் வேண்டாம் என்றேன். எண் மட்டும் நிகழ்வில் இருக்கட்டும், ஆளின் விவரம் அழிக்கக்கூடிய வேறோர் இடத்தில் இருக்கட்டும். உள்ளே வைத்தே தீர வேண்டுமென்றால், ஆளுக்கு ஒரு திறவுகோலால் மறைகுறியாக்கி வைத்து, அழிக்கச் சொன்னால் அந்தத் திறவுகோலை அழித்துவிடலாம்.

ஹட்டனிலோ பண்டாரவளையிலோ மூன்று நான்கு பேராக இருந்து மென்பொருள் செய்யும் இளைஞர்கள் இப்போது அதிகம். அவர்களுக்கு வருகிற முதல் ஆசை காஃப்கா கிளஸ்டர் (சேர்ந்து ஓடும் பல சேர்வர்கள்) போடுவது. ஒரு தோட்டத்தின் மூன்று நிறுவைக்கு அது தேவையே இல்லை. போஸ்ட்கிரஸ் தரவுத்தளத்தில் அனுப்ப வேண்டிய நிகழ்வுகளுக்கு ஓர் அட்டவணை, அதைச் சில விநாடிக்கு ஒருமுறை பார்த்து வேலையை முடிக்கும் ஒரு நிரல், தராசிலிருந்து வருவதற்கு எம்.கியூ.டி.டி. பேசும் ஒரு சின்ன ப்ரோக்கர். இருபது தோட்டங்களுக்கு வளர்ந்து, ஒரே நிகழ்வைப் படிக்க ஐந்தாறு வேறு வேறு குழுக்கள் வரிசையில் நிற்கும்போது காஃப்காவைப் பற்றி யோசிக்கலாம். அதற்கு முன் முடிவு செய்ய வேண்டியது வேறு: ஒதுக்குப்புற வரிசையில் ஒரு நிகழ்வு விழுந்தால் ராத்திரியில் யாருடைய போன் அடிக்கும், அவர் எழும்பி வந்து எந்தத் திரையைப் பார்ப்பார், அந்த எடையைத் திரும்பச் சேர்க்க அவருக்கு யாருடைய அனுமதி வேண்டும், சேர்த்த பிறகு கொழுந்து எடுத்தவருக்கு அதை யார் சொல்வார்கள்.